ஆமைக் கரட்டின் நீலப் பூ

நோன்பு பிறந்த பதினொன்றாம் நாள் காலையில் ஜமீர் தன் மனைவியிடம் ஒன்பதாவது முறையாக அதே பொய்யைச் சொன்னார்.

“பூத்திருச்சாங்க?”

“இன்னும் இல்ல நஸீமா.”

நஸீமா கட்டிலில் சாய்ந்து, மாவுக்கட்டுப் போட்ட வலது காலைத் தலையணைமேல் வைத்திருந்தார். மடியில் பச்சை அட்டை போட்ட நோட்டு. கணவர் சொன்னதற்குத் தலையசைத்து, நோட்டில் ஒரே ஒரு சொல்லை எழுதி மூடினார். தினமும் அப்படித்தான். அந்தச் சொல் ‘இல்லை’ என்பதுதான் என்று ஜமீர் எடுத்துக்கொண்டார். அந்த இடத்தில் வேறு என்ன சொல்லை எழுத முடியும்?

ஜமீரைப் பொய் பேசுகிறவர் என்று பாப்பாரப்பட்டியில் யாரும் சொல்ல மாட்டார்கள். முப்பது வருஷமாகக் கடைவீதியில் மெத்தைக் கடை. இலவம் பஞ்சு என்று சொல்லிக் கொடுத்த மெத்தையை எந்த மூலையில் கிழித்துப் பார்த்தாலும் இலவம் பஞ்சுதான் இருக்கும். நோன்பு விஷயத்தில் இன்னும் கெட்டி. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் தொண்டைக்குள் போய்விட்டதோ என்று பதறி, பள்ளிவாசல் இமாமைத் தேடிப் போய்க் கேட்டுவிட்டு வந்தவர். ஒரு சொட்டுத் தண்ணீருக்கு அவ்வளவு பயந்த மனிதர், தினமும் காலை எட்டரை மணிக்கு முழுசாக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, நோன்புக்கு ஒரு குறையும் இல்லை என்ற நிம்மதியோடு கடையைத் திறக்கப் போய்க்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். நஸீமா பள்ளிக்கூடத்தில் தாவரவியல் டீச்சர். சில வருஷங்களுக்கு முன் சேலத்தில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தபோது, தேவிப்பிரியா என்ற கல்லூரிப் பேராசிரியை எல்லா டீச்சர்களுக்கும் ஒரு வேலை கொடுத்தார். அவரவர் ஊரில் தானாக முளைக்கிற செடி ஒன்றையோ மரம் ஒன்றையோ பிடித்துக்கொள்ள வேண்டும். பனி விலகி வெயில் ஏறும்போது அதில் முதல் பூ எந்த நாளில் வருகிறது என்று வருஷா வருஷம் எழுத வேண்டும். “ஒரு வருஷம் எழுதுனா அது வேடிக்கை. அஞ்சு வருஷம் விடாம எழுதுனா அது சாட்சி” என்றாராம் அந்த அம்மா. மழையும் வெயிலும் எப்படி மாறுகின்றன என்பதற்கு அந்தத் தேதிகள்தான் சாட்சி சொல்லுமாம்.

மற்ற டீச்சர்கள் புத்திசாலிகள். புரசு, கொன்றை, வேம்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். புரச மரம் பூத்தால் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவருக்கே தெரியும். நஸீமா தேர்ந்தெடுத்தது விஷ்ணுகிரந்தி. ஊருக்கு வெளியே இரண்டு கிலோமீட்டரில் ஆமைக் கரடு என்ற சின்னக் குன்று. அதன் அடிச்சரிவில் ஒரு கறுப்புப் பாறை. பாறையை ஒட்டித் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கிற பூண்டு. பூ ஒரு சட்டைப் பொத்தானில் பாதிகூட இருக்காது. நல்ல நீலம். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது, குனிந்தால்தான் தெரியும்.

நாலு வருஷமாக மாசி பிறந்ததும் நஸீமா தினமும் காலையில் போய்க் குனிந்து பார்த்து எழுதினார். இது ஐந்தாவது வருஷம். நோன்புக்கு வீடு கழுவும்போது வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டது, நோன்புக்கு இரண்டு நாள் முன்பு.

“நான் பாத்துட்டு வந்து சொல்றன். இது ஒரு வேலையா?” என்றார் ஜமீர்.

முதல் இரண்டு நாள் போகவும் செய்தார். மொபெட்டைக் கரட்டடியில் நிறுத்திவிட்டு, முள்ளிலும் புல்லிலும் ஏறி, பாறையடியில் குனிந்து பார்த்தார். பூ இல்லை. வந்து சொன்னார். மூன்றாம் நாள் விடியற்காலையில் ஒரு தூறல் போட்டது. மாசியில் எதிர்பாராத தூறல். விடியுமுன் உண்ணும் சஹருக்குச் சோறு ஆக்கும் வேலையும் இப்போது அவருடையது. மூன்று மணிக்கு எழுந்து ஆக்கி, இருவரும் சாப்பிட்டு, சுபுஹு தொழுதுவிட்டு, கரட்டுக்குப் போகும் வழியில் கடையில் ஒரு நிமிஷம் உட்காரலாம் என்று ஷட்டரைத் தூக்கினார். கடை நிறைய மெத்தை. மெத்தைக் கடைக்காரருக்கு வருகிற சோதனை மற்றவர்களுக்கு வராது. கண் விழித்தபோது மணி எட்டு.

ஈரத்தில் எங்கே ஏறுவது, ஒரு நாளில் என்ன பூத்துவிடப் போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார். “இன்னும் இல்ல” என்றார். அவருக்குச் சாக்காக வந்த அந்தத் தூறலைத்தான் கரட்டுப் பூண்டு ஒரு மாசமாக எதிர்பார்த்துக் கிடந்தது என்பது அவருக்குத் தெரியாது.

முதல் பொய்க்குத்தான் தூறல் தேவைப்பட்டது. அடுத்தடுத்த நாள்களுக்கு எதுவும் தேவைப்படவில்லை.

நடுவில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மனசு உறுத்தியது. மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் மொபெட்டை எடுத்துக்கொண்டு போய், கொளுத்துகிற வெயிலில் பாறையடியில் குனிந்து, விரலால் இலைகளை விலக்கிக்கூடப் பார்த்தார். பூ இல்லை. ஆக, அத்தனை நாள் தான் சொன்னது பொய்யே இல்லை, பார்க்காமல் சொன்ன உண்மை என்று அவருக்கு மிகவும் ஆறுதலாகிவிட்டது. அந்தப் பூ காலையில் விரிந்து உச்சிவேளைக்கெல்லாம் சுருண்டுவிடும் என்று நஸீமா நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்தார் ஜமீர். காதில்தான் விழவில்லை.

இதற்குள் இன்னொரு காரியமும் செய்து வைத்திருந்தார். ஐந்தாம் நோன்பு அன்று சாயங்காலம் மாதப்பன் கடைக்கு வந்தார். கரடு இருக்கிற பஞ்சாயத்தின் வார்டு மெம்பர். மகள் கல்யாணத்துக்கு மெத்தை சொல்ல வந்தவர்.

“டீ சொல்லட்டுமா பாய்?”

“நோன்புங்க மெம்பர்.”

“அட, மறந்து போச்சு. வருஷா வருஷம் மறந்து போவுது. டீச்சரம்மா காலு எப்படி இருக்குது?”

கால் எப்படி இருக்கிறது என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் தினமும் ஒரு பொய் சொல்கிற மனிதருக்கு அந்த விஷயத்தைப் பற்றி வெளியில் பெருமையாகப் பேசத் தோன்றுவது வழக்கம்தான். “காலு கெடக்குதுங்க. நம்ம ஆமைக் கரட்டுப் பூவுக்கு வந்த யோகத்தப் பாருங்க. அடுத்த சனிக்கெழம சேலத்துலருந்து காலேஜ் புரொபசர் நேர்ல வராங்க, எடத்தப் பாக்க. நம்ம வூட்டுல எழுதுற நோட்டுதான் காரணம். தெனமும் நானே போயி பாத்துட்டுத்தான் வரன்.”

மாதப்பன் முகம் மாறிவிட்டது. “நம்ம கரட்டுக்கா? என்னங்க பாய், முன்னாடியே சொல்லக் கூடாதா? ஒரே பொதரா கெடக்குது. வந்து பாத்தா நம்ம பஞ்சாயத்தப் பத்தி என்ன நெனப்பாங்க?”

“அப்படியெல்லாம் ஒண்ணும்…”

“நீங்க கவலய வுடுங்க. நான் பாத்துக்கறன்.”

அவர் பார்த்துக்கொண்டார்.

பதினொன்றாம் நோன்பு அன்று, ஒன்பதாவது பொய்யைச் சொல்லிவிட்டு வந்து ஜமீர் கடையைத் திறந்தபோது மாதப்பனிடமிருந்து போன் வந்தது. “பாய், ஒரு எட்டு கரட்டுப் பக்கம் வந்துட்டுப் போங்க. திங்கக்கெழமயிலருந்து நூறு நாள் வேலை ஆளுங்க எறங்கி அடிச்சிருக்காங்க. இப்ப கரடு கண்ணாடி மாதிரி இருக்குது.”

ஜமீருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நோன்பு தாகம் என்று நினைத்துக்கொள்ள முயன்றார்.

கரட்டடியில் மொபெட்டை நிறுத்தியபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு பேனர். ‘மலர்களைக் காண வருகை தரும் பேராசிரியர் பெருமக்களை வருக வருக என வரவேற்கிறோம்.’ ஒரு பக்கம் மாதப்பன் கைகூப்பி நின்றார். மறுபக்கம் எந்த நாட்டிலோ பூக்கிற சிவப்பும் மஞ்சளுமான பூக்கள் வயல் வயலாக நின்றன. பேனருக்குப் பின்னால் இருந்த நிஜக் கரட்டில் ஒரு பூகூட இல்லை. சரிவு முழுக்க மண்வெட்டியால் செதுக்கிப் பெருக்கித் தள்ளியிருந்தார்கள். தும்பை, கொழிஞ்சி, நாயுருவி, ஆவாரை எல்லாம் ஓர் ஓரத்தில் குவியலாக வாடிக் கிடந்தன. பாதையின் இரண்டு பக்கமும் கற்களுக்குச் சுண்ணாம்பு. கல்லுக்குக் கல் நடுவே, நர்சரியிலிருந்து வாங்கிய தொட்டிகளில் காகிதப்பூச் செடி.

“எப்படி?” என்றார் மாதப்பன். “பூ பாக்க வரவங்களுக்குப் பூ இருக்கணுமில்ல. அதான் தொட்டி வச்சிட்டன்.”

ஜமீர் குவியலைப் பார்த்தார். நஸீமாவின் நாலு வருஷம், ஐந்தாவது வருஷத்தின் ஒரே ஒரு தேதி, எல்லாம் அந்தக் குவியலில் கிடப்பதாக அவருக்குத் தோன்றியது. அந்தக் கரட்டைச் செதுக்கிய மண்வெட்டி எது என்று அவருக்குத் தெரியும். ஐந்தாம் நோன்பு சாயங்காலம் கடையில் அடித்த பெருமைதான்.

“ஒரே ஒரு எடந்தான் பாய் கண்ண உறுத்துது” என்று மாதப்பன் மேலே கைகாட்டினார். “அந்தப் பாறைக்குப் பக்கத்துல. எத்தன தடவ சொல்லியும் வெட்ட மாட்டேங்குது இந்தப் பொம்பளைங்க. நீங்களாச்சும் சொல்லுங்க.”

ஜமீர் ஏறினார். எதையும் மெத்தைக் கணக்கில் அளந்தே பழகிய கண். கறுப்புப் பாறையை ஒட்டி மூன்றடி நீளம், இரண்டடி அகலம், தொட்டில் மெத்தை அளவுக்கு ஓர் இடம் மட்டும் மண்வெட்டி படாமல் இருந்தது. சுற்றிலும் கூழாங்கல் வைத்திருந்தார்கள். சுண்ணாம்பு அடிக்காத கல். குனிந்தார். நீலம். எண்ணினார். பதினோரு பூ.

புங்க மர நிழலில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருவர் எழுந்து வந்தார். சாலம்மாள். கரட்டடியில்தான் வீடு. ஆடு மேய்க்கிறவர், நூறு நாள் வேலைக்கும் வருகிறவர்.

“அதுல கைய வைக்க வுடலீங்க பாய்” என்றார் மெல்லிய குரலில். “மெம்பர் கத்துனாரு. கத்தட்டும்னு வுட்டுட்டன்.”

“எப்படி சாலம்மா உங்களுக்கு…”

“நாலு வருசமா பாக்கறனே. மாசி வந்தா டீச்சரம்மா தெனமும் வருவாங்க. முட்டி போட்டுக் குனிஞ்சு, தரையத் தொட்டுப் பாத்துட்டு, எதோ எழுதிக்கிட்டுப் போவாங்க. நான் கிட்டப் போனதில்லீங்க. பச்சப் புள்ளைய வச்ச எடம்னு நானே புரிஞ்சுக்கிட்டன். அத எப்படிங்க வெட்டறது? பாவமில்ல?”

ஜமீருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான், பச்சைப் பிள்ளையைப் புதைத்த இடம் என்று அவர் நினைத்திருப்பது புரிந்தது. அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். ஆசிம் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான், மெஹ்ஜபீன் அரூரில் கட்டிக்கொடுத்து நன்றாக இருக்கிறாள். அப்படியெல்லாம் இல்லை சாலம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த முகத்தில் இருந்த மரியாதையைப் பார்த்தார். சும்மா இருந்துவிட்டார். பத்தாவது பொய்க்கு வாய் திறக்க வேண்டிய வேலைகூட இல்லாமல் போயிற்று.

“டீச்சரம்மா காலு ஒடஞ்சு போச்சுன்னு சொன்னாங்க. அதான் இந்த வருசம் வரல போல. உங்களையும் இந்தப் பக்கம் காணலியே பாய்?”

“கடையில கொஞ்சம் வேலை” என்றார் ஜமீர்.

“நல்லா பூத்துச்சு இந்த வருசம். சனிக்கெழம காலையில ஆடு ஓட்டியாறப்பப் பாத்தன், ஒண்ணுமில்ல. திங்கக்கெழம காலையில வேலைக்கு வந்து நிக்கறன், காலடியில மூணு பூ. மிதிச்சிருப்பன். நல்லவேள.”

பக்கத்தில் பதிவேட்டோடு நின்ற பொறுப்பாளர் அன்பரசி, “ஆமாங்க பாய், அட்டென்டன்ஸ் போட்டோவுல கூட விழுந்திருக்கு” என்று போனைத் தடவி எடுத்துக் காட்டினாள். வேலைக்கு வந்தவர்களை வரிசையாக நிற்கவைத்துத் தினமும் எடுக்கிற படம். மேலே தேதி, நேரம். திங்கட்கிழமை, காலை ஏழு நாற்பத்தைந்து. வரிசையின் கடைசியில் சாலம்மாள். அவர் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் நீலமாக மூன்று புள்ளி.

“அனுப்பட்டுங்களா பாய்? டீச்சரம்மாவுக்குக் காட்டலாம்.”

ஜமீர் ஒரு கணம் யோசித்தார். “வேணாம்மா” என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று மொபெட்டை ஓட்டும்போதுதான் அவருக்கே தெளிவாயிற்று. அவர் போனில் இப்போது ஒரு படம் இருந்தது. பதினோரு நீலப் பூ, இன்றைய தேதி. ‘இன்னிக்கித்தான் பூத்திருக்கு, கடை தொறந்தப்பறம் மனசு கேக்காம மறுபடியும் போனன்’ என்று காட்டினால் போதும். ஒன்பது நாளும் சொன்ன ‘இன்னும் இல்ல’ அத்தனையும் உண்மையாகிவிடும். மாதப்பனுக்குத் தெரியாது. நஸீமா கரட்டுக்கு வரப் போவதில்லை. ஐந்து வருஷமும் நிறைந்துவிடும். திங்களுக்கும் வியாழனுக்கும் மூன்று நாள்தான் வித்தியாசம். உலகத்து மழையெல்லாம் அந்த மூன்று நாளிலா தொங்குகிறது?

கணக்கு எல்லாப் பக்கமும் சரியாக வந்தது. மொபெட்டின் ஹேண்டிலில் தொங்கிய பை ஒன்றுதான் ஆடி ஆடி முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. புறப்படும்போது சாலம்மாள் கொடுத்தது. பை நிறையப் பிரண்டை. “எல்லாத்தையும் வெட்டச் சொன்னாங்க, வெட்டிட்டோம். இத மட்டும் டீச்சரம்மாவுக்குன்னு எடுத்து வச்சன். தொவையல் அரைச்சுக் குடுங்க பாய், எலும்பு கூடும்.”

சாயங்காலம் பள்ளிவாசலிலிருந்து கஞ்சித் தூக்கோடு வீட்டுக்கு வந்தார். நோன்பு திறக்க இன்னும் பத்து நிமிஷம். பேரீச்சம்பழத்தைத் தட்டில் வைத்துவிட்டு, போனை நஸீமாவிடம் நீட்டினார்.

நஸீமா படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். முகத்தில் அத்தனை நாள் வலியும் ஒதுங்கி நின்றது. “பதினொண்ணு இருக்கு” என்றார். “எதுங்க முதல் பூ?”

“எல்லாம் பூத்திருக்கு.”

“சரி. இந்தாங்க.” நோட்டைத் திறந்து, ‘பார்த்தவர்’ என்ற கட்டத்தில் விரல் வைத்து, பேனாவைக் கொடுத்தார். “நீங்கதான பாத்தீங்க. நீங்களே கையெழுத்துப் போடுங்க.”

ஜமீர் பேனாவை வாங்கினார். காலையிலிருந்து தண்ணீர் படாத உதடு. ஒரு சொட்டுக்காக இமாமைத் தேடிப் போன மனிதர். எதிரே சமையல் மேடையில் பிரண்டைப் பை இருந்தது. பார்க்காத பிள்ளைக்காகக் கல் வைத்துக் காவல் காத்த பெண்ணின் கை கட்டிய முடிச்சு இன்னும் அவிழவில்லை.

“நஸீமா, இது இன்னிக்குப் பூத்தது இல்ல.”

நஸீமா நிமிர்ந்து பார்த்தார்.

“திங்கக்கெழமயே பூத்திருக்குது. ஞாயித்துக்கெழமயாக்கூட இருக்கலாம். நான் பாக்கல. மூணாம் நோன்புலருந்து நான் கரட்டுக்குப் போவவே இல்ல. கடையில படுத்துத் தூங்கிட்டன். நடுவுல ஒருநா போனன், அதுவும் மதியத்துக்கு மேல.”

“மதியத்துக்கு மேல அது மூடிக்குமே.”

“இப்பத் தெரியுது.”

மாதப்பனிடம் அடித்த பெருமை, செதுக்கிப் போட்ட கரடு, சாலம்மாள், குழந்தை என்று நினைத்தது, தான் சும்மா இருந்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். சொல்லி முடித்து, திட்டுக்குக் காத்திருந்தார். நஸீமா திட்டவில்லை. நோட்டை அவர் பக்கம் திருப்பி, பக்கத்தைக் காட்டினார்.

முதல் நாள்: இல்லை. இரண்டாம் நாள்: இல்லை. மூன்றாம் நாள்: பார்க்கவில்லை. நான்காம் நாள்: பார்க்கவில்லை. அதற்குக் கீழே, அன்று காலை வரைக்கும், நல்ல டீச்சர் கையெழுத்தில் பார்க்கவில்லை, பார்க்கவில்லை, பார்க்கவில்லை.

“மொத ரெண்டு நாளும் உங்க கைலி பூரா நாயுருவி முள்ளு ஒட்டிக்கிட்டு வந்துச்சு. உக்காந்துக்கிட்டே நாந்தான் பொறுக்கி எடுத்தன். அப்பறம் காலையில ஒருநாகூட ஒட்டல. அந்தக் கரட்டுல ஏறி எறங்கிட்டு முள்ளு ஒட்டாம வர இந்த ஊர்ல யாராலயும் முடியாது.”

“தெரிஞ்சுக்கிட்டேவா தெனமும் பூத்திச்சான்னு கேட்ட?”

“என்னிக்காச்சும் போவீங்கன்னுதான்.”

“நீ கேக்கப் போயித்தான் நஸீமா நான் தெனமும் பொய் சொல்ல வேண்டியதாப் போச்சு.”

“அதுவும் என் தப்புதானா?” என்றார் நஸீமா. சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பை நிறுத்தி, “ஒரு பங்கு என் தப்புந்தான். நோன்பு வச்சிருக்கற மனுசனத் தெனமும் பொய்க்கு இழுத்துவுட்டுட்டு வேடிக்க பாத்தன். ரெண்டு பேரும் சேந்தே மன்னிப்புக் கேட்டுக்கலாம்” என்றார்.

பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. இருவரும் ஆளுக்கொரு பேரீச்சம்பழத்தை எடுத்தார்கள்.

தொழுகை முடிந்து வந்ததும் ஜமீர் அன்பரசிக்குப் போன் செய்து, வேண்டாம் என்ற படத்தைக் கேட்டு வாங்கினார். நஸீமா அதைப் பெரிதாக்கினார். வெடித்த ஒரு பாதம், ஒரு கட்டைவிரல், மூன்று நீலப் புள்ளி. நோட்டில் எழுதினார்: முதல் பூ, ஞாயிறு அல்லது திங்கள். பார்த்தவர்: சாலம்மாள்.

“அல்லதுன்னு எழுதுனா ஏத்துக்குவாங்களா?” என்று கேட்டார் ஜமீர். குரலில் பயம் இருந்தது. “நாலு வருசம் கஷ்டப்பட்டது நீ.”

“ஏத்துக்கலன்னா போவுது. இன்னிக்குப் பூத்துச்சுன்னு எழுதியிருந்தா ஏத்துக்கிட்டிருப்பாங்க. அது எதுக்கு நமக்கு?”

சொன்னாரே தவிர, உடனே தேவிப்பிரியாவுக்குப் போன் செய்து, எதையும் மறைக்காமல் சொன்னார். ஸ்பீக்கரில் பேராசிரியையின் குரல் வந்தது. “டீச்சர், முப்பத்தாறு ஊர்லருந்து எனக்கு நோட்டு வருது. அஞ்சு வருஷத்துல ஒருத்தருக்குக்கூடக் காய்ச்சல் வரல, ஒரு வீட்டுல கல்யாணம் நடக்கல, ஒரு நாள்கூட யாரும் போகாம இருந்ததே இல்ல. அத்தனையும் முழுசா இருக்கு. அதுல எத நம்பறதுன்னு எனக்குத் தெரியல. ‘பார்க்கவில்லை’ன்னு எழுதியிருக்கற மொத நோட்டு உங்களுதுதான். இரண்டு நாள்ல ஒரு நாள்னு எனக்குத் தெரிஞ்சா போதும். சனிக்கிழமை அந்த அம்மாவையும் பாக்கணும்.” கடைசியாக, “உங்க கணவருக்கு என் நன்றியைச் சொல்லுங்க” என்றார்.

ஜமீர் வாழ்நாளில் எந்த நன்றியையும் அவ்வளவு தலைகுனிந்து கேட்டதில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சுபுஹு தொழுதுவிட்டுக் கடைப் பக்கமே திரும்பாமல் கரட்டுக்குப் போனார். வெயில் ஏறி, பூ ஒவ்வொன்றாக விரியும்வரை கறுப்புப் பாறையில் உட்கார்ந்திருந்தார். வேலைக்கு வந்த சாலம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு, அது குழந்தையை வைத்த இடம் இல்லை, டீச்சரம்மா குனிந்தது பூ பார்க்கத்தான் என்று சொன்னார். நேற்றே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது தப்பு என்றும் சொன்னார்.

சாலம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றார். “புள்ள இல்லீங்களா?”

“இல்ல சாலம்மா. ரெண்டு புள்ளைங்களும் நல்லா இருக்குதுங்க.”

“நல்லா இருக்கட்டும். நாலு வருசமா மாசி வந்தா டீச்சரம்மாவ நெனச்சு நானும் அழுதிருக்கன். அதெல்லாம் வீணாங்க பாய்?”

“வீணில்ல” என்றார் ஜமீர்.

சாலம்மாள் பூவைப் பார்த்தார், ஜமீரைப் பார்த்தார். “அப்ப இது வெறும் பூவுதான? வெட்டிப்புடலாமா?”

“ஐயோ, வேணாம் சாலம்மா.”

“வெட்ட மாட்டங்க. சும்மா கேட்டுப் பாத்தன்” என்று சொல்லிவிட்டு, ஆட்டுக்கால் பட்டு நகர்ந்திருந்த ஒரு கூழாங்கல்லைக் காலால் தள்ளி இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

எட்டரை மணிக்கு ஜமீர் வீட்டுக்கு வந்தார். நஸீமா நோட்டைத் திறந்து வைத்திருந்தார்.

“பூத்திருக்காங்க?”

“பதினாலு.”

சொன்ன பிறகுதான் ஜமீர் தன் கைலியைக் குனிந்து பார்த்தார். விளிம்பு முதல் இடுப்பு வரை துவைத்து எடுத்த மாதிரி இருந்தது. ஒரு முள், ஒரு புல் இல்லை. எப்படி இருக்கும்? சரிவில் இருந்த நாயுருவி முழுவதையும் மாதப்பனின் ஆள்கள் வேரோடு செதுக்கியிருந்தார்கள். ஒன்பது நாளும் போகாமல் வந்து நின்றபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது கைலி. போய்வந்ததற்கு அடையாளமாகக் காட்ட அவரிடம் எதுவுமில்லை. போனில் படம் எடுக்கவும் மறந்திருந்தார்.

நஸீமாவின் கண்ணும் கைலிக்குப் போய்விட்டு வந்தது. ஜமீர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கரட்டில் இப்போது முள்ளே இல்லை, சாலம்மாளை வேண்டுமானால் கேள், என்று. அதற்குள் நஸீமா குனிந்து நோட்டில் எழுதத் தொடங்கியிருந்தார்.

ஜமீர் எட்டிப் பார்த்தார். பதினான்கு என்று எழுதி, ‘பார்த்தவர்’ கட்டத்தில் அவர் பெயரை எழுதிக்கொண்டிருந்தார் நஸீமா.